ரிச்மண்ட் டிராம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகரான ரிச்மண்டில் 1888 முதல் 1949 வரை ஓடிய மின்சார டிராம் சேவை. ஜேம்ஸ் ஆற்றங்கரையில் புகையிலையையும் மாவு ஆலைகளையும் இரும்பு வார்ப்பையும் நம்பிப் பிழைத்த இந்த ஊரில் 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது 81,388 பேர் இருந்தனர். அமெரிக்காவின் பெருநகரங்கள் குதிரை டிராமா, கம்பிவட டிராமா என்று தயங்கிக்கொண்டிருந்த காலத்தில், ஒரே மின்நிலையத்தை வைத்துக்கொண்டு ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பல வண்டிகளை ஓட்ட முடியும் என்று காட்டியது ரிச்மண்ட்தான். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உலகின் பல நகரங்கள் பின்பற்றிய முறை இங்கேதான் சோதனையில் தேறியது.

உலகின் முதல் மின்சார டிராம் ரிச்மண்டில் ஓடியது என்று சில நூல்களில் காணப்படுவது சரியல்ல. பெர்லினை அடுத்த லிக்டர்ஃபெல்டில் 1881இலேயே ஜெர்மானியப் பொறியாளர் சீமன்ஸ் ஒரு மின்சார டிராமை ஓட்டிவிட்டார். அமெரிக்காவிலும் பால்டிமோரில் 1885இலும் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரியில் 1886இலும் மின்வண்டிகள் ஓடின. ஆனால் அவை குறுகிய தடங்கள். அடிக்கடி பழுதாகி நின்றவை. முதலாளிகளின் பணத்தை வெளியே வரவைக்கும் தெம்பு அவற்றுக்கு இல்லை. ரிச்மண்டின் சிறப்பு முதன்மையில் இல்லை, அளவிலும் நம்பகத்திலும் இருக்கிறது.

இதில் இன்னொரு முரணும் உண்டு. உலகத்துக்கு டிராமைக் கற்றுக்கொடுத்த இந்த ஊரில், டிராம் தன் டிக்கெட் காசில் மட்டும் நிமிர்ந்து நின்ற காலம் சொற்பம். அதைக் கட்டிக்கொடுத்தவர் கையைச் சுட்டுக்கொண்டார். பிறகு வீட்டுமனை விற்றவர்களும் மின்சாரம் விற்றவர்களும் தங்கள் தொழிலுக்குத் தேவைப்பட்டவரை அதைத் தாங்கிப் பிடித்தனர்.

குதிரைகளின் காலம்

ரிச்மண்ட் மேடும் பள்ளமுமான ஊர். ரோமாபுரியைப் போல ஏழு குன்றுகளின் மேல் அமைந்தது என்று உள்ளூர்க்காரர்கள் பெருமை பேசுவார்கள். கிழக்கே சர்ச் ஹில் என்ற குன்று. அதற்கும் வணிகப் பகுதிக்கும் நடுவே ஷாக்கோ பள்ளத்தாக்கு. 1860களில் வந்த குதிரை டிராம்கள் சமதளத் தெருக்களில் ஓடின. செங்குத்தான ஏற்றங்களில் குதிரைக்கு மூச்சு முட்டியது.

குதிரை டிராம் எங்குமே லாபம் கொழித்த தொழில் அல்ல. ஒரு வண்டியை நாள் முழுவதும் ஓட்ட மாற்றுக் குதிரைகள் பல வேண்டும். வண்டிக்குக் கட்டிய குதிரை நான்கைந்து ஆண்டுகளில் தேய்ந்துவிடும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் தீவனம் போட்டாக வேண்டும். சாணத்தை அள்ளுவது தனிச் செலவு. 1872இல் வட அமெரிக்கா முழுவதும் குதிரைகளுக்குப் பரவிய காய்ச்சலில் பல ஊர்களின் போக்குவரத்து வாரக்கணக்கில் முடங்கியது. மறு ஆண்டே சான் பிரான்சிஸ்கோவில் கம்பிவட டிராம் வந்தது. தெருவுக்கடியில் ஓயாமல் ஓடும் இரும்பு வடத்தை வண்டி பற்றிக்கொண்டு நகரும் முறை அது. மலையேற அருமையானது, ஆனால் அமைப்பதற்கு ஆகும் செலவைச் சிறிய ஊர்கள் நினைத்துப் பார்க்கவும் முடியாது.

டிராமில் யார் உட்காரலாம் என்ற வழக்கும் குதிரைகளின் காலத்திலேயே தொடங்கிவிட்டது. உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், 1867 வசந்த காலத்தில், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் சிலர் காசு கொடுத்துவிட்டு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, இறங்க மறுத்தனர். தெருவில் கூட்டம் திரண்டது. அப்போது ராணுவ ஆட்சி நடந்ததால் டிராம் கம்பெனி ஓரளவு இறங்கி வந்தது: சில வண்டிகள் வெள்ளையினப் பெண்களுக்கு என ஒதுக்கப்பட்டன; மற்றவை எல்லோருக்கும் திறக்கப்பட்டன. முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து இதே வழக்கு மின்சார டிராமில் மீண்டும் எழுந்தது.

ஸ்ப்ராக்கின் ஒப்பந்தம்

ஃபிராங்க் ஜூலியன் ஸ்ப்ராக் 1857இல் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் 1878இல் தேறியவர். 1883இல் எடிசனிடம் வேலைக்குச் சேர்ந்தார். எடிசனின் கவனமெல்லாம் விளக்கில் இருந்தது. ஸ்ப்ராக்கின் மனமோ மோட்டாரில் இருந்தது. ஓராண்டில் வெளியேறிச் சொந்தக் கம்பெனி தொடங்கினார்.

1887 மே மாதம், ரிச்மண்ட் யூனியன் பாசஞ்சர் ரயில்வே என்ற புதிய கம்பெனியுடன் அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் துணிச்சலா அசட்டுத்தனமா என்று பிரித்துச் சொல்வது கடினம். 12 மைல் தடத்துக்கு மின்கம்பி இழுக்க வேண்டும். 375 குதிரைத்திறன் கொண்ட மின்நிலையம் கட்ட வேண்டும். 40 வண்டிகளுக்கு வண்டிக்கு இரண்டாக 80 மோட்டார்கள் பொருத்த வேண்டும். ஒரே நேரத்தில் 30 வண்டிகள் ஓட வேண்டும். நூறடிக்கு எட்டடி உயரும் ஏற்றத்தை அவை தாண்ட வேண்டும். எல்லாவற்றையும் 90 நாளில் முடிக்க வேண்டும். எல்லாம் திருப்தியாக இருந்தால் மட்டுமே 1,10,000 டாலர் கிடைக்கும். கையெழுத்துப் போட்ட நாளில் மோட்டாரின் கடைசி வரைபடம்கூட முடிந்திருக்கவில்லை. மொத்த அமெரிக்காவிலும் அன்று ஓடிய மின்சார டிராம் மோட்டார்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் 80 வருமா என்பது சந்தேகம்.

கையெழுத்திட்ட கையோடு ஸ்ப்ராக் டைபாய்டு காய்ச்சலில் விழுந்தார். ராணுவத்திலிருந்து வந்த ஆஸ்கர் கிராஸ்பியும் கடற்படையிலிருந்து வந்த டேனா கிரீனும்தான் அந்த மாதங்களில் வேலையை நடத்தினார்கள். உடல் தேறி ரிச்மண்டுக்கு வந்து பார்த்தபோது ஸ்ப்ராக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. தண்டவாளம் மட்டமானது, வர்ஜீனியாவின் செம்மண் களியில் சரியாகப் படியாமல் கோணல்மாணலாகக் கிடந்தது. வளைவுகள் மிகக் கூர்மையானவை. ஏற்றமோ எட்டடி இல்லை, சில இடங்களில் பத்தடி. வழுக்கும் இரும்பின் மேல் வழுக்கும் இரும்புச் சக்கரம் வேறெந்தப் பிடிமானமும் இல்லாமல் அந்த மேட்டில் ஏறுமா என்று அவருக்கே ஐயம்.

கோவேறு கழுதைகள் வந்த இரவு

வாதாடிப் பயனில்லை, ஏற்றிப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். பகலில் சோதித்துத் தோற்றால் ஊர் சிரிக்கும் என்பதால் இரவைத் தேர்ந்தெடுத்தனர். வண்டி கிளம்பியது. வளைவுகளைத் தாண்டியது. ஃபிராங்க்ளின் தெருவின் கொடுமையான ஏற்றத்தையும் ஏறி முடித்து உச்சிக்குப் போய்விட்டது. ஆனால் மோட்டார்கள் கொதித்துக்கொண்டிருந்தன. தெருவில் நாடக அரங்கிலிருந்து கலைந்து வந்த கூட்டம் வண்டியைச் சூழ்ந்து கைதட்டியது. அந்த நேரம் பார்த்து மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சர் கருகியது. வண்டி இனி ஓர் அங்குலமும் நகராது என்று ஸ்ப்ராக்குக்குத் தெரிந்துவிட்டது.

கூட்டத்தின் காதில் விழும்படி அவர் கிரீனிடம், மின்சுற்றில் ஏதோ சிறு கோளாறு, போய்க் கருவிகளை எடுத்து வா என்றார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு வண்டி இருக்கையிலேயே நீட்டிப் படுத்துக்கொண்டார். காத்துக் காத்துச் சலித்த கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. தெரு காலியான பிறகு கிரீன் அந்தக் 'கருவிகளோடு' திரும்பினார்: நான்கு வலுவான கோவேறு கழுதைகள். மின்யுகத்தின் வண்டி அவற்றின் பின்னால் கட்டப்பட்டுக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தக் கதையைப் பிற்காலத்தில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர் ஸ்ப்ராக்தான். தோல்வியை மறைக்கும் கெட்டிக்காரத்தனம் அதில் இருந்தாலும், அன்றிரவு அவருக்குக் கிடைத்த பதில் சாதகமானது: சக்கரம் வழுக்கவில்லை, சுமை தாங்காதது மோட்டார் மட்டுமே. மோட்டாரையும் பற்சக்கரங்களையும் மாற்றி வடிவமைத்தால் போதும்.

அதற்குப் பிறகு நடந்தது பொறுமைச் சோதனை. மோட்டாரை வண்டியின் அடியில் எப்படித் தொங்கவிடுவது என்பதற்கு அவர் கண்ட வழி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மோட்டாரின் ஒரு பக்கம் சக்கர அச்சின் மேலேயே உட்காரும். மறுபக்கத்தை ஸ்பிரிங் வழியாகச் சட்டகம் தாங்கும். தண்டவாளம் எவ்வளவு மோசமாக இருந்தாலும், அச்சு குதிக்கும்போது மோட்டாரும் சேர்ந்தே குதிப்பதால் பற்சக்கரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதில்லை. மேலே இழுத்த கம்பியிலிருந்து மின்சாரத்தை எடுக்க, கூரையில் நட்ட ஒரு கழி. அதன் நுனியில் ஒரு சிறு சக்கரம். ஸ்பிரிங் அதைக் கீழிருந்து கம்பியோடு அழுத்திக்கொண்டிருக்கும். பார்க்க எளிமைதான். ஆனால் தடம் பிரியும் இடங்களில் கழி நழுவாமல் இருக்க நாற்பதுக்கும் மேற்பட்ட வடிவங்களைச் செய்து பார்த்துத் தள்ளினார்கள். மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்திய பித்தளைப் பிரஷ்கள் மளமளவென்று தேய்ந்து தீர்ந்தன. இடி மின்னல் வந்தால் மோட்டார்கள் கருகின. குளிர்காலத்தில் கம்பியின் மேல் பனி உறைந்து மின்சாரம் பாயாமல் நின்றபோது, ஓர் ஊழியர் துடைப்பத்தோடு வண்டிக் கூரையில் ஏறி, கம்பியைத் தட்டிக்கொண்டே பயணம் செய்தார்.

பொதுமக்களுக்கான சேவை 1888 பிப்ரவரி 2 அன்று தொடங்கியது. முதலில் ஓடியவை பத்து வண்டிகள் அளவில்தான். மே மாதத்தில் 30 வண்டிகள் ஓடின; கம்பெனியும் வேலையை ஒப்புக்கொண்டது. தவணை தவறியதால் தொகையை 90,000 டாலராகக் குறைத்துக்கொள்ள ஸ்ப்ராக் ஏற்கெனவே சம்மதித்திருந்தார். செலவோ அதைவிட மிக அதிகம். ஏறத்தாழ 75,000 டாலர் நஷ்டம். ரிச்மண்டை ஒரு விளம்பரச் செலவாக எழுதிக்கொண்டால் மட்டுமே அந்தக் கணக்கு நியாயமாகும். அப்படித்தான் அது பலனும் தந்தது.

22 வண்டிகள்

பாஸ்டனின் வெஸ்ட் எண்ட் ஸ்ட்ரீட் ரயில்வே அன்று உலகின் மிகப் பெரிய குதிரை டிராம் கம்பெனிகளில் ஒன்று. அதன் தலைவர் ஹென்றி விட்னி கம்பிவடத்துக்கு மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். 1888 கோடையில் ரிச்மண்டுக்கு வந்தார். அவருடன் வந்த பொது மேலாளருக்குக் கம்பிவடத்தின் மேல்தான் பிரியம். அவர் எழுப்பிய ஆட்சேபம் நியாயமானது: தெருவில் ஏதோ தடங்கலால் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓரிடத்தில் தேங்கிவிட்டால், பிறகு எல்லாம் ஒன்றாகக் கிளம்பும்போது உங்கள் மின்நிலையம் தாங்குமா?

ஸ்ப்ராக் வாய்ப்பேச்சில் பதில் சொல்லவில்லை. அன்றைய ஓட்டம் முடிந்ததும் 22 வண்டிகளைத் தடத்தின் ஒரு கோடியில் நெருக்கி வரிசையாக நிறுத்தினார். அந்தப் பகுதியின் கம்பி நான்கு வண்டிகளுக்கு மேல் தாங்கும்படி போடப்பட்டதல்ல. மின்நிலையத்துக்கு ஆள் அனுப்பி, அழுத்தத்தை 500 வோல்ட்டுக்கு ஏற்றுங்கள், ஃபியூஸ்கள் அறுந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், என்ன ஆனாலும் நீராவியைக் குறைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். நள்ளிரவு தாண்டி விட்னியை ஹோட்டலிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தார்கள்.

ஒரு கைவிளக்கு அசைந்தது. முதல் வண்டி கிளம்பியது. அதற்கு இடம் கிடைத்ததும் இரண்டாவது, மூன்றாவது. வண்டிகளுக்குள் எரிந்த விளக்குகள் மங்கி மங்கி வெறும் சிவப்புக் கோடுகளாயின; மின்னழுத்தம் 200 வோல்ட் அளவுக்குச் சரிந்தது. ஆனால் ஒரு வண்டியும் நிற்கவில்லை. முன்னால் போனவை வேகம் பிடித்து விலக விலக, பின்னால் நின்றவற்றின் விளக்குகள் மெல்லப் பிரகாசமாயின. 22 வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணைவிட்டு மறைந்தன. விட்னிக்கு அது போதுமாயிருந்தது. பாஸ்டன் மின்சாரத்துக்கு மாறியது. பாஸ்டன் மாறியதும் மற்ற ஊர்களின் தயக்கம் போயிற்று. 1902இல் அமெரிக்காவில் 22,000 மைலுக்கும் மேல் டிராம் தடம் இருந்தது. அதில் நூற்றுக்கு 97 பங்கு மின்சாரத்தில் ஓடியது.

தெருவெங்கும் தலைக்கு மேல் கம்பி தொங்குவதைச் சில நகரங்கள் சகிக்கவில்லை. நியூயார்க்கின் மன்ஹாட்டனும் வாஷிங்டனும் தரைக்கடிக் கால்வாய்க்குள் மின்கம்பியை மறைத்தன. சென்னையில் 1895 மே 7 அன்று தொடங்கிய டிராமும் முதலில் தரைக்கடிக் கம்பியில்தான் ஓடியது. பருவமழையில் கால்வாய்களுக்குள் வெள்ளம் புகுந்த பிறகு இங்கும் ரிச்மண்ட் பாணியில் மேலே கம்பி இழுக்க வேண்டியதாயிற்று.

ஸ்ப்ராக்கின் கம்பெனியை 1890இல் எடிசன் ஜெனரல் எலெக்ட்ரிக் விழுங்கிக்கொண்டது. அவர் அடுத்து மின்தூக்கிகளில் இறங்கினார். பல பெட்டிகளின் மோட்டார்களை ஒரே ஓட்டுநர் முன்பெட்டியிலிருந்து கட்டுப்படுத்தும் முறையை 1897இல் சிகாகோவின் உயர்மட்ட ரயிலுக்கு உருவாக்கினார். 1931 முதல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடும் மின்ரயில்கள் அந்த முறையின் வழித்தோன்றல்கள்தாம். 1934இல் ஸ்ப்ராக் இறந்தார்.

மனையும் மின்சாரமும்

ரிச்மண்டில் அடுத்த இருபது ஆண்டுகள் டிராமின் பொற்காலம். ஆற்றுக்குத் தெற்கே மான்செஸ்டர் பக்கமும், வடக்கே பார்ட்டன் ஹைட்ஸ், ஹைலண்ட் பார்க் பக்கமும், மேற்கே நீர்த்தேக்கப் பூங்காவை நோக்கியும் தடங்கள் நீண்டன. இந்தத் தடங்கள் ஏற்கெனவே இருந்த ஜனங்களுக்காகப் போடப்பட்டவை என்று எண்ணிவிடக் கூடாது. தடம் முதலில் போகும், ஜனங்கள் பின்னால் வருவார்கள். புகையிலையில் பெரும்பணம் சம்பாதித்த லூயிஸ் கிண்டர் வடபுறத்தில் நிலத்தை வாங்கிக் குவித்தார். அங்கே டிராம் போயிற்று. கிண்டர் பார்க் என்ற குடியிருப்பு முளைத்தது. ஒரு கழனி, டிராம் வந்ததும் மனையாகிவிடும். அந்த விலை வித்தியாசத்தில்தான் லாபம், டிக்கெட்டில் அல்ல. மனைகள் விற்றுத் தீர்ந்த பிறகு அதே டிராமை யார் பராமரிப்பது என்ற கேள்வியை அன்று எவரும் எழுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளும் மின்நிலையமும் சும்மா கிடப்பதைத் தவிர்க்கக் கம்பெனிகள் தடத்தின் கோடியில் கேளிக்கைப் பூங்காக்களை வைத்தன. தென்கரையில் ஃபாரஸ்ட் ஹில் பூங்கா அப்படி வந்தது: ராட்டினம், நடன மேடை, படகுச் சவாரி, போகவர டிராம். இன்று அது சாதாரண நகரப் பூங்கா.

இன்னொரு பக்கம் மின்சார வியாபாரம். விளக்குக்கு மின்சாரம் இரவில்தான் தேவை; டிராமுக்குப் பகலில். இரண்டையும் ஒரே கம்பெனி நடத்தினால் டைனமோக்கள் ஓய்வில்லாமல் காசு சம்பாதிக்கும். 1902 வாக்கில் ஊரின் டிராம் தடங்களும் மின்விநியோகமும் வர்ஜீனியா பாசஞ்சர் அண்ட் பவர் கம்பெனியின் கைக்கு வந்தன. 1909இல் அவை வர்ஜீனியா ரயில்வே அண்ட் பவர் கம்பெனி ஆயின. 1925இல் வர்ஜீனியா எலெக்ட்ரிக் அண்ட் பவர் கம்பெனி. பெயர்களை வரிசையாகப் படித்தாலே விஷயம் புரிந்துவிடும்: முதலில் 'பாசஞ்சர்' மறைந்தார், பிறகு 'ரயில்வே' மறைந்தது, கடைசியில் மின்சாரம் மட்டும் நின்றது.

1903 வேலைநிறுத்தம், 1904 புறக்கணிப்பு

1903 கோடையில் மோட்டார் ஓட்டுநர்களும் கண்டக்டர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊர் மக்களில் பெரும்பகுதியினரின் அனுதாபம் அவர்கள் பக்கம் இருந்தது. வெளியூரிலிருந்து ஆட்களை இறக்கிக் கம்பெனி வண்டி ஓட்டியது; கல்வீச்சும் துப்பாக்கிச் சூடும் நடந்தன; மாநிலப் படை தெருவில் இறங்கியது. தொழிலாளர்கள் தோற்றனர்.

மறு ஆண்டு வந்தது வேறு வகைப் போராட்டம். 1904 ஜனவரியில் வர்ஜீனியா சட்டமன்றம், டிராம்களில் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து உட்காரவைக்கும் அதிகாரத்தைக் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. கவனிக்க: இது அனுமதிதான், கட்டாயம் அல்ல. வேறு ஊர்க் கம்பெனிகள் சில, தொல்லை எதற்கு என்று விட்டுவிட்டன. ரிச்மண்ட் கம்பெனி விடவில்லை. ஏப்ரல் மாதம் முதல் பிரித்து உட்காரவைப்போம் என்று அறிவித்தது. கண்டக்டருக்குப் போலீஸ்காரரின் அதிகாரம் கிடைத்தது. யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை அவர் நிமிடத்துக்கு நிமிடம் மாற்றிச் சொல்லலாம். ஒருவர் வெள்ளையரா கறுப்பரா என்று தீர்மானிப்பதும் அவர் பொறுப்பே.

'ரிச்மண்ட் பிளானட்' இதழின் ஆசிரியர் ஜான் மிட்செல் இளையவரும், முந்தைய ஆண்டு செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கியைத் தொடங்கியிருந்த மேகி லீனா வாக்கரும் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தனர். சண்டை வேண்டாம், நடப்போம் என்பதே அழைப்பு. துவைக்கும் பெண்கள் துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தனர். புகையிலை ஆலைத் தொழிலாளர்கள் நடந்தனர். டிராமின் வருமானத்தில் கறுப்பின மக்களின் ஐந்து சென்ட் நாணயங்களுக்குப் பெரும் பங்கு இருந்தது. ஏற்கெனவே கடனிலும் வேலைநிறுத்தத்தின் அடியிலும் தள்ளாடிய கம்பெனி, ஜூலையில் திவாலாகி நீதிமன்றம் நியமித்தவரின் பொறுப்புக்குப் போனது. புறக்கணிப்பு மட்டுமே அதைச் சாய்த்தது என்று சொல்வது மிகை; அதற்குப் பங்கே இல்லை என்பது அதைவிடப் பெரிய பொய்.

ஆனால் வெற்றி கிட்டவில்லை. 1906இல் சட்டமன்றம், அனுமதியாக இருந்ததைக் கட்டாயமாக்கியது. இனிக் கம்பெனி மனம் மாறினாலும் பயனில்லை. யாருடைய பணப்பையைத் தாக்கினாலும் சட்டம் அசையாது. இதேபோன்ற இருக்கைப் பிரிவினையை எதிர்த்துப் புகழ்பெற்ற மாண்ட்கமரியின் பேருந்துப் புறக்கணிப்பு இதற்கு அரை நூற்றாண்டு கழித்து, 1955இல் நடந்தது. ரிச்மண்ட்காரர்கள் நடந்த நடையைப் பொது வரலாறுகள் பெரும்பாலும் கடந்து போய்விடுகின்றன.

ஐந்து சென்ட்

அமெரிக்க டிராமின் வீழ்ச்சிக்குக் கார் கம்பெனிகளின் சதியே காரணம் என்றொரு கதை பிரபலம். சில நகரங்களில் அதற்கு ஆதாரமும் உண்டு. ரிச்மண்டின் வீழ்ச்சியை விளக்க அந்தக் கதை தேவைப்படாது. நோய் அதற்கு வெகு முன்பே உடலுக்குள் இருந்தது.

நாடெங்கும் டிராம் கம்பெனிகள் தெருவைப் பயன்படுத்தும் உரிமம் பெற்றபோது கட்டணம் ஐந்து சென்ட் என்று நிர்ணயமாகியிருந்தது. 1890களில் அது நல்ல விலை. முதல் உலகப் போரின்போது நிலக்கரி, செம்பு, கூலி எல்லாம் மளமளவென்று ஏறின. கட்டணத்தைத் தொட்டால் ஊரே கொதித்தது. தண்டவாளத்தை ஒட்டிய சாலைப் பகுதிக்குக் கல் பதித்துப் பழுது பார்ப்பதும் பல ஊர்களில் கம்பெனியின் தலையில் விழுந்தது. குதிரைகளின் குளம்பு தெருவைக் கெடுக்கிறது என்பதற்காக அந்தக் காலத்தில் போட்ட நிபந்தனை அது. குதிரைகள் போய் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நிபந்தனை போகவில்லை. அந்தச் செலவில் செப்பனிட்ட சாலையில் கார்கள் சொகுசாக ஓடின. போதாக்குறைக்கு 1915 வாக்கில், சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் டிராம் நிறுத்தங்களுக்கு முன்னால் வந்து, அதே ஐந்து சென்ட்டுக்குப் பயணிகளை அள்ளிக்கொண்டு போகத் தொடங்கினர். நம் ஊர் ஷேர் ஆட்டோவின் மூதாதையர் அவர்கள்.

புறநகர்த் தடங்கள் முதலில் சாய்ந்தன. ஊருக்கு வடக்கே ஆஷ்லண்ட் வரை 1907இல் போட்ட தனி மின்ரயில் பாதைக்கு, தொடக்கத்தில் நீண்ட கான்கிரீட் பாலம் ஒன்றைப் பெரும் பொருட்செலவில் கட்டியிருந்தார்கள். இடையில் ஒருமுறை நின்று, கைமாறி, மீண்டும் ஓடி, 1938இல் அது நிரந்தரமாக மூடப்பட்டது. நகருக்குள்ளும் 1920களிலிருந்தே பேருந்துகள் டிராமின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தன.

மின்சாரக் கம்பெனி கைகழுவிய கதை

இத்தனைக்கும் நடுவே டிராம் நாற்பதுகள் வரை தாக்குப்பிடித்ததற்குக் காரணம், அதை நடத்தியது மின்சாரக் கம்பெனி என்பதே. வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் மின்சாரம் விற்ற லாபத்தில் டிராமின் நஷ்டம் அடங்கிவிட்டது. 1935இல் அமெரிக்க நாடாளுமன்றம், சங்கிலிபோல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்த மின்சாரத் தாய்நிறுவனங்களை உடைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. பொதுமக்களின் முதலீட்டைச் சூறையாடிய நிறுவனங்களை அடக்கவே அந்தச் சட்டம்; டிராமைக் கொல்வது அதன் நோக்கம் அல்ல. ஆனால் மின்சாரத் தொழிலோடு ஒட்டாத பக்கத் தொழில்களைக் கழற்றிவிடும் நெருக்கடியை அது உண்டாக்கியது. 1944இல் வர்ஜீனியா எலெக்ட்ரிக் தன் போக்குவரத்துப் பிரிவை விற்றது. வர்ஜீனியா டிரான்சிட் கம்பெனி அதை ஏற்றது. புதிய கம்பெனிக்கு மின்சார லாபம் கிடையாது. தன் டிராமுக்கே மின்சாரத்தை விலைக்கு வாங்க வேண்டும்.

விற்ற நேரம் ஏமாற்றுவதாக இருந்தது. போர்க்காலம்: பெட்ரோலுக்கும் டயருக்கும் பங்கீடு, வண்டிகளில் நிற்க இடமில்லை. வருமானம் பெருகியது, ஆனால் தண்டவாளத்தையும் கம்பியையும் புதுப்பிக்க இரும்பும் செம்பும் கிடைக்கவில்லை. போர் முடிந்தபோது எல்லாம் ஒரே நேரத்தில் தேய்ந்து கிடந்தன. புதிதாகத் தடம் போடுவதா, பேருந்து வாங்குவதா? புதிய முதலாளிக்கு அது யோசிக்க வேண்டிய கேள்வியாகவே இல்லை. பேருந்து ஓடும் சாலையைப் பராமரிப்பது நகராட்சி. டிராம் ஓடும் பாதையைப் பராமரிப்பது கம்பெனி.

தடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசி டிராம் 1949இல் ஓடியது. எஞ்சிய வண்டிகளை வரிசையாக நிறுத்தி எரியூட்டினார்கள். மரத்தாலான கூண்டு எரிந்து போனால் உள்ளேயுள்ள இரும்பையும் செம்பையும் எளிதில் பிரித்துப் பழைய உலோக விலைக்குப் போடலாம் என்பதே காரணம்; அக்காலத்தில் பல ஊர்களில் இதுவே நடைமுறை. சென்னையின் டிராம் இதற்கு நான்கு ஆண்டு கழித்து, 1953 ஏப்ரல் 12 அன்று, இதேபோல நஷ்டக் கணக்கோடு நின்றது.

பிந்தைய நிலை

டிராம் வளர்த்த புறநகர்களுக்குக் கார் எளிதாகப் போய்வர வழி செய்வதே அடுத்த பதிற்றாண்டின் வேலையாயிற்று. 1958இல் திறக்கப்பட்ட ரிச்மண்ட்–பீட்டர்ஸ்பர்க் சுங்கச்சாலை, மேகி வாக்கரின் வங்கியும் மிட்செலின் இதழும் வளர்ந்த ஜாக்சன் வார்டு என்ற பகுதியை இரண்டாக வெட்டிக்கொண்டு போனது. பேருந்துகளும் தனியார் கையில் பிழைக்கவில்லை. 1973இல் அவை பொது உடைமையாகி கிரேட்டர் ரிச்மண்ட் டிரான்சிட் கம்பெனியின் கீழ் வந்தன. டிராமைக் கழற்றிவிட்ட மின்சாரக் கம்பெனி வளர்ந்து, டொமினியன் எனர்ஜி என்ற பெயரில் அமெரிக்காவின் பெரிய மின்நிறுவனங்களில் ஒன்றாக அதே ஊரைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கிறது.

2018 ஜூனில் பிராட் தெரு வழியாக 'பல்ஸ்' என்ற விரைவுப் பேருந்துத் தடம் திறக்கப்பட்டது. நீளம் 7.6 மைல், தடத்தின் ஒரு பகுதியில் பேருந்துக்கென்றே தனி வழி உண்டு. கொரோனா தொற்றின்போது, 2020 மார்ச்சில், நகரின் எல்லாப் பேருந்துகளிலும் கட்டணம் நிறுத்தப்பட்டது. தொற்று தணிந்த பிறகும் அந்த ஏற்பாடு நீட்டிக்கப்பட்டது. செலவை நகராட்சியும் மாநில அரசும் பிறரும் பகிர்ந்துகொண்டனர்.